குரோம்பேட்டையும் ஆவாரம் பட்டையும்: ஒரு தோல் பைக்குப் பின்னால் உள்ள கதை

நம் குடியிருப்பிலிருந்து நகரத்துக்குள் போகிறவர்கள் குரோம்பேட்டையைத் தாண்டாமல் போக முடியாது. ரயிலில் போனாலும் ஜி.எஸ்.டி. சாலையில் போனாலும் அந்தப் பெயர்ப் பலகை கண்ணில் படும். அது என்ன ‘குரோம்’ என்று கேட்டால்தான் பலருக்குத் தெரிவதில்லை. எதிர் வீட்டுப் பையன் அதைக் கம்ப்யூட்டரில் இருக்கும் குரோம் என்றே நினைத்திருந்தான். அது குரோமியம் என்ற உலோகம். ஜார்ஜ் அலெக்சாண்டர் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1912-ல் அங்கே நிறுவிய குரோம் லெதர் தொழிற்சாலையால் ஊருக்கு அந்தப் பெயர் வந்தது. தொழிற்சாலை மூடிப் பல காலம் ஆகிறது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இப்போது இதை எழுதக் காரணம், போன காலாண்டில் நம் சங்கம் நடத்திய பழைய பொருள் சேகரிப்பு. வந்த சாமான்களைக் குறித்துக்கொள்ளும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். (ஓய்வு பெற்ற வங்கி குமாஸ்தாவிடம் வேறு என்ன வேலையைக் கொடுப்பார்கள்?) பட்டியலில் ‘லெதர் பை’ என்று பதினொன்று ஏறியிருந்தன. எடுத்துப் பார்த்தேன். ஆறு பை வெறும் ரெக்சின். மீதி ஐந்தும் அசல் தோல். அவற்றில் இரண்டுக்கு ஜிப் மட்டும்தான் போயிருந்தது, ஒன்றுக்கு வார் அறுந்திருந்தது, அவ்வளவுதான். இன்னும் இருபது வருடம் உழைக்கக்கூடிய பொருள். அதற்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பது தெரிந்திருந்தால் யாரும் அதைக் குப்பையோடு அனுப்பியிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

முரட்டு உழைப்புக்கான தோல் பை என்றால் இன்றைக்கு ஆபீஸ் பையோ பயணப் பையோதான் நினைவுக்கு வரும். நம் ஊரில் மிக அதிகமாக உழைத்த தோல் பை கிணற்றுக்குள் கிடந்தது. கமலை என்று தெற்கிலும் கவலை என்று கொங்குப் பக்கமும் சொல்வார்கள். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கி இழுக்க, கிணற்றிலிருந்து சால் மேலே வரும். சாலின் அடியில் நீளமான தோல் குழாய் ஒன்று தைத்திருப்பார்கள். அதற்கு வால் என்று பெயர். மேலே வந்ததும் வாலின் வாய் தானாகத் திறந்து தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். பம்புசெட் வருவதற்கு முன் தமிழ்நாட்டின் கிணற்றுப் பாசனத்தில் பெரும்பகுதி இந்தத் தோல் வழியாகத்தான் வயலுக்குப் போனது. காலையிலிருந்து மாலை வரை தண்ணீரில் முங்கி, கல்லில் உரசி, வெயிலில் காய்ந்து, மறுநாளும் அதே வேலை. இப்படி உழைக்கும் ஒரு பையை இன்றைய விளம்பரம் எதிலும் நான் பார்க்கவில்லை.

அதைத் தைத்துக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அருந்ததியர்கள். செத்த மாட்டை ஊரிலிருந்து அப்புறப்படுத்துவது, தோலை உரித்துப் பதப்படுத்துவது, சாலுக்கு வால் தைப்பது, செருப்பு தைப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. கூலி, அறுவடைக் காலத்தில் களத்தில் அளக்கும் தானியம். அவர்கள் தைத்த தோல் வழியாகப் பாய்ந்த தண்ணீரில் விளைந்த நெல்லை எல்லோரும் சாப்பிட்டார்கள். தைத்தவரை மட்டும் அதே கிணற்றில் தண்ணீர் சேந்த விடவில்லை. தோலின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் இதைத் தாண்டிப் போக வழியில்லை.

பதனிடுவது என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகும், காய வைத்தால் பலகை போல விறைக்கும். அதிலுள்ள புரத நார்களை ஏதோ ஒரு பொருள் கட்டிப் பிடித்துக்கொண்டால்தான் அழுகாமலும் விறைக்காமலும் நிற்கும். நம் ஊரில் அந்தப் பொருள் ஆவாரம் பட்டையிலிருந்து கிடைத்தது. பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது மஞ்சள் பூவோடு சேர்த்துச் செருகுகிறோமே, அதே ஆவாரைதான். தண்ணீர் இல்லாத மேட்டில்கூட வளரும். அதன் பட்டையில் துவர்ப்புச் சத்து நிறைய. ஆங்கிலத்தில் டானின் என்பார்கள்.

முதலில் தோலைச் சுண்ணாம்புக் குழியில் போட்டு முடியை நீக்க வேண்டும். பிறகு சவ்வைச் சீவ வேண்டும், சுண்ணாம்பைக் கழுவி எடுக்க வேண்டும். அதன்பின் ஆவாரம் பட்டை ஊறிய தண்ணீர்க் குழியில் முதலில் இளசாகவும் பிறகு கடுமையாகவும் வாரக்கணக்கில் ஊற வைப்பார்கள். கடைசியில் கடுக்காய்க் குளியல். அதற்குப் பிறகு எண்ணெய் தடவி நிழலில் உலர்த்துவார்கள். புங்க எண்ணெய் அதற்கு மிகவும் வேண்டியது. கடுக்காய் எதற்கென்றால், ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும், அதைத் தடுப்பதற்கு. இதையெல்லாம் கண்டுபிடித்தவர்கள் யாரும் ரசாயனம் படித்தவர்கள் அல்லர்.

இந்த முறையில் பதனிட்ட தோலுக்கு உலகச் சந்தையில் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்று பெயர். சுருக்கமாக ஈ.ஐ. தோல். திருச்சி, திண்டுக்கல், ஈரோடு, சென்னைப் புறநகர், வட ஆற்காட்டில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று ஊர் ஊராகத் தோல் ஷாப்புகள் முளைத்தன. மற்ற சாதியினர் தொடத் தயங்கிய தொழிலில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் துணிந்து முதல் போட்டார்கள். சென்னையில் பெரியமேடு அதற்குச் சந்தையாயிற்று. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்பாகத்துக்கு இந்தத் தோல் கப்பல் கப்பலாகப் போனது. அரசாங்கமே மொத்தமாக வாங்கிக்கொண்டது.

சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி நின்றவர்கள் கதை வேறு. வெறும் காலோடு, வெறும் கையோடு சுண்ணாம்புத் தண்ணீரில் நாள் முழுவதும் நின்றால் தோல் என்னாகும்? பதனிடுவது மாட்டுத் தோலை மட்டும் அல்ல என்று சொல்லத் தோன்றுகிறது. திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்களின் வாழ்க்கையையும், அவர்கள் சங்கம் அமைத்துப் போராடியதையும் வைத்து டி.செல்வராஜ் ‘தோல்’ என்று ஒரு பெரிய நாவல் எழுதினார். 2012-ல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றது. நம் நூலக அலமாரிக்கு ஒரு பிரதி வாங்கலாம் என்பது என் சிபாரிசு.

பழைய முறை எல்லாவற்றிலும் உயர்ந்தது என்று இப்போது ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு கிடையாது. 1900 வாக்கில் லண்டனில் புத்தக அட்டைக்கான தோல் பற்றி ஆராய ஒரு குழு போட்டார்கள். நூலகங்களில் புத்தக அட்டைகள் பொடிப்பொடியாக உதிர்கின்றன, ஏன் என்பதுதான் கேள்வி. குழு குற்றம் சாட்டியவற்றில் நம் ஆவாரம் பட்டைத் தோலும் ஒன்று. அங்கே விளக்குக்கு எரித்த எரிவாயுவில் கந்தகம் இருந்தது. அந்தப் புகையைத் தாங்கும் சக்தி இந்த வகைத் துவர்ப்புக்கு இல்லை. சில வருடங்களிலேயே செந்தூளாக உதிர்ந்தது. சுமாக் என்ற செடியின் இலையில் பதனிட்ட தோல் அங்கே நன்றாகத் தாங்கியது. ஆக, ‘நல்ல தோல்’ என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை. எந்த வேலைக்கு, எந்த ஊர்க் காற்றுக்கு என்று கேட்க வேண்டும்.

நம் கமலைக்கும் அதே சிக்கல் இருந்தது. கிராமத்து முறையில் பதனிட்ட தோல் எப்போதும் தண்ணீரிலேயே கிடந்தால் சீக்கிரம் இற்றுவிடும். விவசாயிக்கு அடிக்கடி செலவு. இதைக் கவனித்தவர் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன். சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர், கலைப் பள்ளியின் பொறுப்பையும் பார்த்தவர். நம் ஊரில் அலுமினியப் பாத்திரத் தொழில் தொடங்கியதும் அவர் முயற்சியில்தான். 1900-களின் தொடக்கத்தில் அவர் சென்னையில் குரோம் முறையில் தோல் பதனிட்டுப் பார்த்தார். அமெரிக்காவில் அப்போதுதான் பரவிய முறை அது. அவர் மனதில் வைத்திருந்த முக்கியமான உபயோகங்களில் ஒன்று கமலைத் தோல்! குரோம் உப்பில் பதனிட்டால் தோல் தண்ணீரில் கிடந்தாலும் எளிதில் அழுகாது, கொதிநீரைக்கூடத் தாங்கும். வாரக்கணக்கில் ஆகிற வேலை ஓரிரு நாளில் முடியும். ஆனால் அரசாங்கமே தொழில் நடத்துவது வெள்ளைக்கார வியாபாரிகளுக்குப் பிடிக்கவில்லை. 1910-ல் லண்டனில் இந்திய மந்திரியாக இருந்த மார்லி பிரபு, அரசு இதில் தலையிடக் கூடாது என்று எழுதிவிட்டார். சென்னை அரசின் குரோம் ஆலை கைமாறிப் போயிற்று. அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்ததுதான் குரோம்பேட்டைத் தொழிற்சாலை.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. இயக்குநராக இருந்து அதற்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்த விஞ்ஞானி நாயுடம்மா, 1985-ல் அயர்லாந்து அருகே குண்டு வெடித்துக் கடலில் விழுந்த ஏர் இந்தியா ‘கனிஷ்கா’ விமானத்தில் பயணித்து உயிரிழந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்த செய்தி, நன்றாக நினைவிருக்கிறது.

உண்மையான திருப்பம் 1973. சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஏற்று, பச்சைத் தோலை ஏற்றுமதி செய்ய மத்திய அரசு தடை விதித்தது. பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கும் அளவு வைத்தது. பி.காம். படித்தவன் என்ற முறையில் சொன்னால் இது நல்ல கணக்கு. மூலப்பொருளை மலிவாக விற்றுவிட்டு அவன் செய்த ஷூவை நாம் விலைக்கு வாங்குவதைவிட, ஷூவையும் பையையும் நாமே செய்து விற்றால் அந்நியச் செலாவணி பல மடங்கு. அப்படியே நடந்தது. ஆம்பூரும் ராணிப்பேட்டையும் வாணியம்பாடியும் வளர்ந்தன. பல்லாயிரம் பெண்கள் முதன்முதலாகச் சம்பளக் கவர் வாங்கினார்கள். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு செலவை யாரும் பற்று எழுதவில்லை.

ஆவாரம் பட்டை ஊறிய தண்ணீரும் நல்ல தண்ணீர் அல்ல, நாறும். ஆனால் குரோம் வேலை பெருகியதோடு உப்பும் ரசாயனமும் பாலாற்றுக்கும் கிணறுகளுக்கும் போன அளவு வேறு. 1991-ல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் வந்த தீர்ப்பைத் தேடிப் படித்தேன். ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர், குரோம் முறையில் 170 வகை ரசாயனங்கள், தோல் ஆலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பாதியாகவோ பாழ், திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்று அதில் வரிசையாகப் பதிவாகியிருக்கிறது. கமலை ஓடிய ஊர்க் கிணறுகள்தான் அவையும். தோல் பையால் இறைத்த தண்ணீரைத் தோலே கெடுத்துவிட்டது.

அசுத்தம் செய்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற விதியை இந்திய நீதிமன்றங்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, குரோமைத் திரும்ப எடுக்கும் முறைகள் வந்தன, சில ஆலைகள் மூடின. இருந்தும் 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட முப்பது வருடம்.

அதனால் தோலே வேண்டாம் என்கிறீர்களா என்று இந்தக் கட்டுரையின் முதல் வாசகரான என் மனைவி கேட்டாள். இல்லை. மாற்று என்று விற்கிறார்களே, அதையும் பார்ப்போம். ‘வீகன் லெதர்’ என்ற பெயரில் கடையில் கிடைப்பதில் பெரும்பாலானது துணி மேல் பிளாஸ்டிக் பூச்சு. பாலியூரிதேன் பூச்சு நம் ஊர் ஈரக்காற்றில் தானாகவே சிதையும். அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தாலும் சில வருடங்களில் பாம்புச் சட்டை போல உரியும். உரிந்தால் தைக்க முடியாது, ஒட்ட முடியாது. சேகரிப்பில் வந்த ஆறு ரெக்சின் பைகளில் நான்கு அப்படித்தான் வந்தன. தோல் பை அப்படி அல்ல. முன்பெல்லாம் பஸ் கண்டக்டர் தோளில் தொங்கிய தோல் பையை நினைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை நூறு முறை கை உள்ளே போய் வெளியே வரும்! சில்லறைக் கனம், வியர்வை உப்பு, கம்பியில் இடி. ஓரம் தேய்ந்து பளபளக்கும், ஆனால் கிழிந்து பார்த்ததில்லை.

நானும் 1984-ல் பெரியமேட்டில் ஒரு பை வாங்கினேன். 160 ரூபாய், அன்றைய சம்பளத்துக்குப் பெரிய தொகை. ஆவாரமோ வாட்டிலோ, ஏதோ ஒரு பட்டையில் பதனிட்ட கெட்டியான மாட்டுத் தோல். பேங்குக்கு முப்பத்தாறு வருடம் அதைத்தான் கொண்டுபோனேன். டிபன் டப்பா, குடை, சில நாள் வீட்டில் பார்க்கவேண்டிய லெட்ஜர்த் தாள்கள். வார் இரண்டு முறை, கொக்கி ஒரு முறை மாற்றியிருக்கிறேன். தேய்மானத்தை நேர்கோட்டு முறையில் போட்டால் இன்றைக்கு வருடத்துக்கு நாலு ரூபாய்கூட வராது. ஆனால் 35 லிட்டர் கணக்கும் அதில் இருக்கிறது. அந்தத் தண்ணீர் ஒரு முறை செலவானது. இரண்டு வருடத்துக்கு ஒரு பை வாங்கியிருந்தால் இருபது முறை செலவாகியிருக்கும்.

வாங்குகிறவர்களுக்கு, நான் பார்க்கிற விஷயங்களைச் சொல்கிறேன். ஓரத்தைப் பாருங்கள். வெட்டு வாயில் நார் நாராகத் தெரிந்தால் தோல், துணியும் படலமும் அடுக்காகத் தெரிந்தால் ரெக்சின். ஓரம் முழுவதையும் மடித்துப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். பட்டையில் பதனிட்டது கெட்டியாகத் தானாக நிற்கும், நாளாக ஆக நிறம் ஆழமாகும். குரோம் தோல் துவண்டு மெத்தென்று இருக்கும், மழைக்கு அதிகம் பயப்பட வேண்டாம். தினமும் மழையில் பைக் ஓட்டுகிறவருக்குக் குரோம் தோலே பொருத்தம் என்பேன், குரோம்பேட்டைக்காரர்கள் சந்தோஷப்படட்டும். தையலையும் கவனியுங்கள். கையால் இரண்டு ஊசி போட்டுத் தைத்ததில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். மிஷின் தையல் ஓரிடத்தில் விட்டால் பக்கத்துத் தையலும் தளர ஆரம்பிக்கும்.

பட்டைத் தோலில் ஈர இரும்பு பட்டால் கருங்கறை விழும், போகவே போகாது. டானினும் இரும்பும் சேர்ந்தால் மை. கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து எழுத்து மை காய்ச்சியது இதே ரசாயனத்தில்தான். அதனால்தான் நல்ல பழைய பைகளுக்குப் பித்தளைக் கொக்கி. பூஞ்சைக்குப் பயந்து பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதீர்கள், அதில்தான் பூஞ்சை வரும். பழைய பேப்பரை உள்ளே திணித்துக் காற்றாட வைத்தால் போதும். நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள். வருடத்துக்கு ஒரு முறை துளி எண்ணெய், அதற்கு மேல் தடவினால் தூசு அப்பும்.

திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் ஈரோட்டிலும் ஈ.ஐ. முறையில் பதனிடும் ஆலைகள் இன்னும் இருக்கின்றன, புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆவாரம் பட்டைக்குப் பதிலாகப் பெரும்பாலும் வாட்டில் சாறு.

சேகரிப்பில் வந்த ஐந்து தோல் பைகளையும் நான் எடுத்து வைத்திருக்கிறேன், சங்க அலுவலக அறையில் அலமாரிக்கு மேல் உள்ளன. உரியவர்கள் அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடுவோம். பஸ் நிறுத்தத்துக்கு அடுத்த புளிய மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஜிப் மாற்ற நூறிலிருந்து நூற்றைம்பது கேட்கிறார். இரண்டு ஊசிக் கைத்தையல் போடத் தெரிந்தவர், அவரிடம் பேரம் பேச வேண்டாம். காலை பத்து மணிக்கு மேல் இருப்பார், மழை நாளில் கடை போடமாட்டார்.